மடியும் ஆசனமும்

குழந்தைக்கு உலகில் மிகப் பாதுகாப்பான இடம் எது என்று வினவினால், தாயின் மடி என்றே எவரும் விடை கூறுவர். காய்ச்சல் கண்ட குழந்தை மடியைத் தேடுகிறது. இடி முழக்கத்துக்கு அஞ்சிய குழந்தை மடிக்குள் முகம் புதைக்கிறது. உறக்கம் வந்த குழந்தையை வேறெங்கு கிடத்தினாலும் சிணுங்கும். மடியிற் கிடத்தியதும் அடங்கிவிடும். தலைமுறை தலைமுறையாக மனித குலம் கண்டறிந்த இவ்வுண்மைக்கு ஓர் இடத்தில் மாத்திரம் விலக்கு உண்டு. அவ்விடம், ஓடுகின்ற மோட்டார் வண்டி.

வண்டியொன்று மணிக்கு 48 கிலோமீற்றர், அதாவது 30 மைல், வேகத்திற் செல்கிறது எனக் கொள்க. இது பெரிய வேகமன்று; ஊர்களுக்கு நடுவே சாதாரணமாகச் செல்லும் வேகமே. வண்டிக்குள் இருக்கும் சாரதியும், தாயும், அவள் மடியிலுள்ள குழந்தையும் அதே வேகத்திலேயே சென்றுகொண்டிருக்கின்றனர். அசையாது அமர்ந்திருப்பதால் அதனை அவர்கள் உணர்வதில்லை. திடீரென வண்டி ஒரு மரத்தில் மோதுகிறது. பத்தில் ஒரு செக்கன் நேரத்தில் நின்றுவிடுகிறது. நின்றது வண்டி மாத்திரமே. உள்ளே இருப்போர் முன்னைய வேகத்திலேயே முன்னோக்கிச் செல்கின்றனர். 9 கிலோகிராம் எடையுள்ள ஒரு குழந்தையை அந்தக் கண நேரத்தில் நிறுத்திப் பிடிப்பதற்கு, ஏறக்குறைய 120 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும் வலிமை வேண்டும். ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் இரண்டினைக் காட்டிலும் அது கூடிய பாரம். எத்துணை அன்புடைய தாயாயினும், எத்துணை வலிய தந்தையாயினும், அதனைக் கையினாற் பிடித்து நிறுத்துதல் இயலாது. 9 மீற்றர் உயரத்திலிருந்து கீழே விழும் பொருள் எந்த வேகத்தில் நிலத்தை அடையுமோ, அந்த வேகத்திலே குழந்தை முன்பலகையிற் போய் மோதும். தாயும் ஆசனப் பட்டி அணியாதவளாயின், குழந்தையின் பின்னால் அவளுடைய பாரமும் சேர்ந்து வந்து விழும். காக்கும் மடியே நசுக்கும் மடியாகிவிடும்.

இதனைச் சட்டமியற்றுவோர்க்கு உணர்த்துவதற்கு ஒரு குழந்தை வைத்தியர் பட்ட பாடு ஈண்டு நினைவுகூரத் தக்கது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் டென்னசி மாநிலத்திலே, மர்பிரீஸ்பரோ என்னும் நகரில் வாழ்ந்தவர் வைத்தியர் றொபேட் சாண்டர்ஸ். குழந்தை வைத்தியராகிய அவர் அப்பகுதியின் சுகாதார அதிகாரியாகவும் கடமையாற்றினார். போலியோவுக்கும் தொண்டைக் கரப்பனுக்கும் தடுப்பூசி வந்துவிட்ட அக்காலத்தில், நோயினின்றும் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் வீதியிலே மாண்டுகொண்டிருந்தனர். வருமுன் காத்தல் வைத்தியத்தின் கடமையாயின், இதனையும் வருமுன் காத்தல் வேண்டும் என அவர் முனைந்தார். தம் துணைவியாருடன் சேர்ந்து மாநிலச் சட்டசபை உறுப்பினர்களை ஒவ்வொருவராக நாடி, குழந்தைகளைப் பாதுகாப்பு ஆசனத்தில் அமர்த்தியே வண்டியிற் கொண்டுசெல்ல வேண்டும் என்ற சட்டத்துக்காக வாதாடினார். முதல் முயற்சி 1976இல் கைகூடவில்லை. அடுத்த ஆண்டு, 1977இல், சட்டம் நிறைவேறியது. 1978 ஜனவரி முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காக்கும் பொருட்டு ஐக்கிய அமெரிக்க மாநிலங்களுள் முதன்முதலாக எழுந்த சட்டம் அதுவே.

ஆயினும் அச்சட்டம் ஓர் ஓட்டையுடனேயே பிறந்தது. வயதில் மூத்த ஒருவர் குழந்தையைக் கையில் ஏந்தியிருப்பாராயின் ஆசனம் வேண்டியதில்லை என்ற விலக்கொன்று அதிற் சேர்க்கப்பட்டிருந்தது. அவ்விலக்கைச் சேர்த்தோர் குழந்தைகளுக்குத் தீங்கு நினைத்தவரல்லர். தாயின் கையினின்று குழந்தையைப் பிரிப்பது தகாது என்ற பழைய நம்பிக்கையே அவர்களை அவ்வாறு செய்வித்தது. விபத்துக்களின் இயல்பை அறிந்தோரோ அதற்குக் ‘குழந்தை நசுக்கும் விலக்கு’ என்று பெயரிட்டனர். சாண்டர்ஸ் மேலும் போராடினார். 1981இல் அவ்விலக்கு நீக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை ஏற்றுக்கொண்டன.

ஆசனத்தை வாங்கச் செய்வதற்குச் சட்டத்தால் இயலும். அவ்வாசனம் குழந்தைக்குப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சட்டத்தால் இயலாது. ஐக்கிய அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிருவாகம் கண்ட கணக்கின்படி, அந்நாட்டில் பயன்படுத்தப்படும் ஆசனங்களுள் 46 சதவீதமானவை ஏதோவொரு வகையிற் பிழையாகப் பயன்படுத்தப்பட்டிருந்தன. பணங்கொடுத்து வாங்கி, வண்டியில் வைத்து, குழந்தையையும் அமர்த்திய பெற்றோரே அவர்கள். அவர்களிடத்தில் அன்பு குறைவில்லை, அக்கறையும் குறைவில்லை. பட்டி தளர்ந்திருந்ததையோ, ஆசனம் ஆடியதையோ அவர்கள் அறியாதிருந்தனர் என்பதே குறை.

பொருத்தம் ஏன் இத்துணை முக்கியம் என்பதை அறிய, ஆசனம் செய்யும் வேலை யாதென அறிதல் வேண்டும். 1930களில் வந்த குழந்தை ஆசனங்கள் பாதுகாப்புக்கென ஆக்கப்பட்டவை அல்ல. குழந்தை வண்டிக்குள் அங்குமிங்கும் தவழாதிருக்கவும், சன்னலூடாக வெளியே பார்க்கவும் அவை உதவின, அவ்வளவே. 1960களிலேதான் விபத்தை மனத்திற்கொண்டு ஆசனம் ஆக்கும் எண்ணம் வலுப்பெற்றது. சுவீடன் நாட்டு வைத்தியரான பெர்ட்டில் ஆல்ட்மன் அவ்வழியில் முன்னின்றவர்களுள் ஒருவர். ஜெமினி விண்கலத்துக்குரிய விண்வெளி வீரர்கள், கலம் மேலெழும்போது ஏற்படும் பேரழுத்தத்தைத் தாங்குவதற்காக, முதுகு முழுவதும் ஆசனத்திற் பதியுமாறு கிடந்தனர். அதைக் கண்ட ஆல்ட்மன், குழந்தையையும் அவ்வாறே காக்கலாமே எனச் சிந்தித்தார். வண்டி முன்னோக்கி ஓட, குழந்தை பின்னோக்கி அமர்ந்திருந்தால், மோதும் வேளையிற் குழந்தையின் முதுகும் கழுத்தும் தலையும் ஒருங்கே ஆசனத்திற் பதியும். விசை ஓரிடத்திற் குவியாது பரந்துபோகும். இக்கருத்தின்படி அமைந்த மாதிரி ஆசனம் 1964இற் சோதிக்கப்பட்டது. பின்னோக்கிய குழந்தை ஆசனம் இவ்வாறே தோன்றியது.

சிறு குழந்தையின் உடலமைப்பும் இம்முறையையே வேண்டி நிற்கிறது. வளர்ந்த மனிதனின் தலை அவனுடைய உயரத்தில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தையின் தலையோ நாலில் ஒரு பங்கு. நடை பழகும் குழந்தைக்கும் தலையே பெரும் பாரம். அதைத் தாங்கும் கழுத்தெலும்புகள் அவ்வயதில் முற்றாக எலும்பாகி இணைந்திருப்பதில்லை. இடையிடையே இளங்குருத்தெலும்பாகவே இருக்கின்றன. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலைப் பட்டி பிடித்துக்கொள்ளும்; தலையைப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. தலை முன்னே வீசப்பட, அதன் பாரம் முழுவதையும் அப்பிஞ்சுக் கழுத்தே தாங்க வேண்டியதாகும்.

எத்தனை வயதிற் குழந்தையை முன்னோக்கித் திருப்பலாம் என்ற வினாவுக்கு விடையும் இதனாலேயே காலத்துக்குக் காலம் மாறிவந்துள்ளது. ஒரு வயதும் 20 இறாத்தல் எடையும் ஆனாற் போதும் என்று முன்னர் அமெரிக்காவிற் கூறப்பட்டது. 2011இல் அந்நாட்டுக் குழந்தை வைத்தியக் கழகம் இரண்டு வயது வரை பின்னோக்கியே அமர்த்துமாறு அறிவுறுத்தியது. 2018இல் அக்கழகம் வயது வரையறையையே விட்டுவிட்டது. ஆசனத்தை ஆக்கியோர் குறித்த உயரமோ எடையோ நிறையும்வரை, இயன்ற அளவு நீண்ட காலம் பின்னோக்கியே அமர்த்துக என்றது. ஐரோப்பாவிலும் 2013இல் வந்த 129ஆம் இலக்க விதி ஆசனங்களைக் குழந்தையின் உயரத்தைக் கொண்டு வகுத்தது. 15 மாதம் நிறையுமுன் குழந்தையை முன்னோக்கி அமர்த்துதல் கூடாது என்றும் விதித்தது. சுவீடனில் நான்கு வயது வரையும் பின்னோக்கி அமரும் குழந்தைகள் பலர்.

வயதுக்கேற்ற வளர்ச்சி பெறாத மெலிந்த குழந்தையைப் பெற்றோர்க்கு இம்மாற்றம் பெரிதும் பயனுடையது. இரண்டு வயது நிரம்பியும் 9 கிலோகிராம் எடையே உள்ள குழந்தைகள் உண்டு. அண்டை வீட்டுக் குழந்தை அதே வயதில் முன்னோக்கி அமர்ந்து வேடிக்கை பார்க்கும்போது, தம் குழந்தை மாத்திரம் கைக்குழந்தையைப் போலப் பின்னோக்கி இருக்கிறதே எனப் பெற்றோர் கூசுதல் இயல்பு. கூசுவதற்கு இதில் எதுவுமில்லை. விபத்து வயதைக் கேட்பதில்லை. தோளின் உயரத்தையும், தலையின் பாரத்தையும், இடுப்பின் அளவையுமே அது கணக்கிற் கொள்கிறது. பிறந்த நாளைக் கொண்டு ஆசனம் தெரிவோர் பிழைபடுவர். குழந்தையை அளந்தும் நிறுத்தும் தெரிவோர் பிழைபடார்.

பொருத்தம் என்பது இரு கட்டுக்களால் ஆயது. ஆசனத்தை வண்டியோடு பிணைப்பது ஒன்று. குழந்தையை ஆசனத்தோடு பிணைப்பது மற்றொன்று. இவற்றுள் எது தளர்ந்தாலும் மற்றது பயனற்றுப்போம்.

முதற் கட்டு வண்டியின் ஆசனப் பட்டியினாலேனும், ஆசனத்துடன் வரும் கொளுக்கிகளை வண்டியிலுள்ள இரும்பு வளையங்களில் மாட்டுவதனாலேனும் ஆகும். இரண்டும் தக்கனவே. கையேடு அனுமதித்தாலன்றி இரண்டையும் ஒருங்கே பயன்படுத்துதல் கூடாது. பட்டியை மாட்டும்போது ஒருவர் தம் பாரத்தை ஆசனத்தின்மேல் ஊன்றி அழுத்திக்கொள்ள, பட்டியை நன்றாக இழுத்து இறுக்க வேண்டும். இறுக்கிய பின்னர் அது தளராது பூட்டி நிற்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். பின்பு சோதனை. பட்டி ஆசனத்தின் ஊடாகச் செல்லும் இடத்திற் கைவைத்து, இடமும் வலமும், முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்க்க வேண்டும். அவ்விடத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் அசைவு இருத்தலாகாது. பலர் ஆசனத்தின் மேல் விளிம்பைப் பற்றி அசைத்து, ஆடுகிறதே என மயங்குவர். பின்னோக்கிய ஆசனத்தின் தலைப்பக்கம் சிறிது ஆடுவது குற்றமன்று. பட்டி செல்லும் இடமே உரைகல்.

பின்னோக்கிய ஆசனம் சாய்ந்திருக்கும் அளவும் கவனிக்கத் தக்கது. நிமிர்ந்து நின்றால், உறங்கும் குழந்தையின் தலை மார்பின்மேல் கவிழ்ந்து மூச்சுக்குத் தடையாகலாம். சரியான சாய்வைக் காட்டும் கோடோ குமிழோ ஆசனத்தின் பக்கத்தில் இருக்கும். காற்றுப்பை பொருத்தப்பட்ட முன்னாசனத்திற் பின்னோக்கிய ஆசனத்தை வைத்தல் எக்காரணங்கொண்டும் ஆகாது. விரியும் காற்றுப்பை ஆசனத்தின் முதுகில் அறையும் அறை குழந்தையின் தலையிலேயே இறங்கும். குழந்தைக்குரிய இடம் பின்னாசனமே. குழந்தையை முன்னோக்கி அமர்த்தும் காலம் வரும்போது, ஆசனத்தின் உச்சியிலுள்ள மேற்பட்டியையும் வண்டியில் அதற்கென அமைந்த வளையத்தில் மறவாது மாட்டுதல் வேண்டும். தலை முன்னே வீசப்படும் தூரத்தை அது குறைக்கும்.

மெலிந்த குழந்தைக்கு இடர் மிகுவது இரண்டாங் கட்டிலேயே. முதலிற் பார்க்க வேண்டியது தோட்பட்டி புறப்படும் துவாரம். பின்னோக்கி அமர்ந்த குழந்தைக்குத் தோட்பட்டி தோளின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழிலோ புறப்பட வேண்டும். மோதும்போது குழந்தையின் உடல் ஆசனத்தின் வழியே மேல்நோக்கி வழுக்க முயலும். தோளுக்கு மேலிருந்து வரும் பட்டி அவ்வழுக்கலைத் தடுக்காது. முன்னோக்கி அமர்ந்த குழந்தைக்கோ பட்டி தோளின் மட்டத்திலோ சற்று மேலிலோ புறப்பட வேண்டும். சிறு குழந்தையின் தோள், ஆசனத்தின் மிகத் தாழ்ந்த துவாரத்துக்கும் கீழே இருக்குமாயின், அவ்வாசனம் பின்னோக்கிய நிலையில் அக்குழந்தைக்கு இன்னும் பெரிது. ஆகவே ஆசனம் வாங்கச் செல்வோர் குழந்தையையும் உடன் கொண்டுசென்று, அமர்த்திப் பார்த்தே வாங்குதல் நன்று. விலையும் அழகும் அதற்குப் பின்னரே.

அடுத்தது கால்களுக்கிடையில் வரும் பட்டி. பெரிய ஆசனத்தில் அமர்ந்த சிறிய குழந்தை இடுப்பு முன்னே நழுவிக் குறுகிக் கிடப்பதைக் காணலாம். பல ஆசனங்களில் இப்பட்டிக்கு இரண்டு மூன்று துவாரங்கள் இருக்கும். குழந்தையின் உடலுக்கு அணித்தான துவாரத்தைத் தெரிதல் வேண்டும். ஆசனத்துடன் வந்த சிறு மெத்தை இருப்பின் அதைப் பயன்படுத்தலாம். கடையில் வேறாக விற்கப்படும் மெத்தைகளையும், வீட்டுத் தலையணைகளையும் குழந்தையின் முதுகுக்குப் பின்னே வைத்து இடைவெளியை நிரப்புதல் ஆபத்தானது. மோதும் விசையில் அவை அமுங்கிவிடும். அமுங்கிய அளவுக்குப் பட்டி தளரும்.

பின்னர், இறுக்கம். குழந்தையின் முதுகையும் இடுப்பையும் ஆசனத்திற் படியவைத்துப் பூட்டை மாட்டி, முதலில் இடுப்பருகே உள்ள தளர்வையும், பின் தோளருகே உள்ள தளர்வையும் இழுத்துப் போக்க வேண்டும். தோளெலும்பின் அருகே பட்டியை இரு விரல்களால் நீளவாக்கிற் கிள்ளிப் பார்க்க வேண்டும். விரல்களுக்கிடையே பட்டி மடிந்து அகப்படுமாயின் இன்னும் தளர்வு உண்டு. விரல்கள் வழுக்கிவிடுமாயின் இறுக்கம் போதும். சில ஆசனங்களில் தோட்பட்டிகள் இரண்டையும் இணைக்கும் நெஞ்சுக் கொளுக்கி உண்டு. அது அக்குளின் மட்டத்தில் நிற்க வேண்டும். வயிற்றின்மேல் இறங்கிய கொளுக்கி தோட்பட்டிகளை விலகவிடும். மெலிந்த தோள்கள் எளிதில் அவற்றினூடே நழுவிவிடும்.

குளிர்நாடுகளில் வாழ்வோர் தடித்த குளிரங்கியோடு குழந்தையைப் பட்டிக்குள் அமர்த்துவதுண்டு. அங்கிக்குள் இருக்கும் காற்று மோதும்போது நசுங்கிவிடுவதால், இறுக்கமாகத் தோன்றிய பட்டி அங்குலக் கணக்கிற் தளர்ந்துபோகும். மெல்லிய உடையோடு பட்டியை மாட்டி, குளிரங்கியை அதன்மேற் போர்த்துதலே முறை. வெப்ப நாடுகளில் இடர் வேறு. வெயிலில் நின்ற வண்டியில் உலோகப் பூட்டு குழந்தையின் தோலைச் சுடும். வண்டி நிற்கும்போது ஆசனத்தை வெள்ளைத் துணியால் மூடிவைத்து, அமர்த்துமுன் பூட்டைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். குழந்தையைத் தனியே வண்டிக்குள் விட்டுச் செல்லுதல் ஒரு கணமேனும் ஆகாது.

பின்னோக்கி அமர்ந்த குழந்தையின் கால்கள் மடங்கியிருப்பதைக் கண்டு வருந்தும் பாட்டிமார் உலகெங்கும் உளர். குழந்தைகள் வீட்டில் அமரும் விதத்தை உற்று நோக்கின் அவ்வருத்தம் நீங்கும். காலை மடக்கியும், சம்மணங் கொட்டியும் இருப்பதே அவர்களுக்கு இயல்பு. தலையின் உச்சி ஆசனத்தின் மேல் விளிம்புக்கு ஓர் அங்குலமேனும் தாழ்ந்திருக்கும்வரை, பெரும்பாலான ஆசனங்களிற் குழந்தைக்கு இடம் போதுமெனக் கொள்ளலாம். குழந்தை பட்டியினின்று கையை இழுத்துக்கொள்ளுமாயின், பட்டி தளர்ந்திருக்கிறதா என்றே முதலிற் பார்க்க வேண்டும். அழுகைக்கு இரங்கி, ஓடும் வண்டியில் மடிக்கு மாற்றுவதைக் காட்டிலும், வீதியோரத்தில் வண்டியை நிறுத்தி, தேற்றி, மீண்டும் பூட்டிப் புறப்படுதல் அறிவுடைமை. ஒருமுறை மடிக்கு மாறிய குழந்தை மறுமுறையும் அதையே கேட்டு அழும்.

இலங்கையில் வாழ்வோர்க்கு இவை அந்நிய நாட்டுச் செய்திகளாகத் தோன்றலாம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவோடிரவாகச் செல்லும் வான்களிலும், கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு புறப்படும் கார்களிலும் குழந்தை பெரும்பாலும் மடியிலேயே செல்கிறது. அதுவும் முன்னாசனத்து மடியிலே, வேடிக்கை பார்த்துக்கொண்டு செல்கிறது. ஆசனம் வாங்க எண்ணுவோர் முதலில் தம் வண்டியின் பின்னாசனத்தில் எத்தகைய பட்டி உண்டு என்று பார்த்தல் வேண்டும். பட்டியே இல்லாத இடத்தில் ஆசனத்தைப் பிணைக்க வழியில்லை. இடுப்புப் பட்டி மாத்திரம் உள்ள இடத்தில் எல்லா ஆசனங்களும் பொருந்தா. உறவினரிடமிருந்து பழைய ஆசனம் கிடைக்குமாயின், அது விபத்தில் அகப்பட்டதா, ஆக்கிய ஆண்டு யாது, பட்டியும் பூட்டும் பழுதின்றி உள்ளனவா, கையேடு உண்டா என்று கேட்டறிந்தே ஏற்க வேண்டும். விபத்தொன்றிற் பட்ட ஆசனம் வெளியே நன்றாகத் தோன்றினும் உள்ளே வெடித்திருத்தல் கூடும்.

ஆசனத்தை ஒருமுறை பொருத்தினால் வேலை முடிந்ததென்று எண்ணுதலும் பிழை. குழந்தை வளர்கிறது, தோள் உயர்கிறது. கழுவுவதற்காக உறையைக் கழற்றி மீண்டும் மாட்டும்போது பட்டி முறுக்கிக்கொள்கிறது. ஆகவே மாதத்துக்கு ஒருமுறையேனும் துவாரத்தின் உயரத்தையும் ஆசனத்தின் அசைவையும் பார்த்தல் வேண்டும். பட்டியைக் கிள்ளிப் பார்ப்பதோ ஒவ்வொரு பயணத்திலும் செய்யத் தக்கது. அதற்குச் செல்லும் நேரம் சில செக்கன்களே.

வண்டி மோதும் அந்தப் பத்திலொரு செக்கனில் தாயின் கைக்கு வலிமை போதாது என்பது உண்மையே. ஆயின் அக்கையினாற் பயனில்லை என்பதன்று இதன் பொருள். வாசலில் வண்டி நிற்கும்போது, புறப்படுமுன், பட்டியை இழுத்து இறுக்கி, தோளருகே கிள்ளிப் பார்த்து, ஆசனத்தை அசைத்துப் பார்ப்பதும் அக்கையே. குழந்தையைத் தாங்கும் வேலையை அது அப்பொழுதே செய்து முடித்துவிட வேண்டும். மடி எங்கும் போய்விடாது. பயணம் முடிந்து வண்டி நின்றதும் குழந்தை தானாகவே அதைத் தேடி வரும்.